அரைப் புள்ளி குறைவாக ஒருத்தி

அவளுக்குக் கமா என்று பெயர் வைத்தது எங்கள் கேப்டன்தான். கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுபவர் இல்லை. ஒரு தீயணைப்பு நிலையத்தைப் பற்றி ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் தொலைக்காட்சித் தொடரின் தலைமை எழுத்தாளர். நாங்கள் ஏழு எழுத்தாளர்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்த வீடு எரிய வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்று நாளெல்லாம் சண்டை போடுவோம். வாய்க்கு வந்தபடி நாங்கள் கத்துவதையெல்லாம் மேசையின் கோடியில் உட்கார்ந்து டைப் செய்து, சாயங்காலத்துக்குள் ஒழுங்கான பக்கங்களாக்கித் தருவது எழுத்து உதவியாளரின் வேலை.

அந்த வேலைக்கு அவள் வந்த முதல் வாரம். கேப்டன் மூச்சுவிடாமல் சொன்ன ஒரு நீண்ட வசனத்தை அவள் பக்கமாக்கிக் கொடுத்தபோது, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு கமா இருந்தது.

"இத யாரு வச்சது?" என்றார் கேப்டன்.

"நான்தான் சார். அந்த எடத்துல அவருக்கு மனைவி பேரைச் சொல்ல மனசில்ல. ஆனா சொல்லித்தான் ஆகணும். அதான் கொஞ்சம் நிக்கட்டும்னு."

கேப்டன் வசனத்தை வாய்விட்டுப் படித்தார். அந்த இடத்தில் நின்றார். பிறகு தொடர்ந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. "இனிமே உன் பேரு கமா" என்றார். அதோடு அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது.

அதற்கு முன்பு அவள் ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவள். குடை, செருப்பு, சூட்கேஸ், ஒரு தடவை கூண்டோடு கிளி. "குடையைத் தேடி வர்றவங்க குடையைப் பத்திப் பேசவே மாட்டாங்க" என்பாள். "வாங்கிக் குடுத்தவங்களைப் பத்திப் பேசுவாங்க. இல்லன்னா யார்கிட்ட திட்டு வாங்கப்போறோம்னு பேசுவாங்க." பல் செட்டைத் தொலைத்த மனிதர் வாயைத் திறக்காமலே கேட்ட விதத்தை அவள் நடித்துக் காட்டினால் எங்களுக்கு அன்றைக்கு வேலை ஓடாது. மனிதர்கள் நேராகப் பேசுவதே இல்லை என்பதை அங்கேதான் கற்றேன், அதை எழுத வேண்டும் என்ற ஆசையும் அங்கேதான் வந்தது என்று சொல்வாள்.

ஆசை வந்தால் போதுமா? எங்கள் தொழிலில் பெரிய நிறுவனங்களுக்கு எழுத வேண்டுமென்றால் எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர் கார்டு வேண்டும். கார்டு வேண்டுமென்றால் எழுதியிருக்க வேண்டும். "சாவி உள்ள இருக்கு, கதவு வெளியில பூட்டியிருக்கு" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் புலம்புவார்கள். ஆனால் ஒரு சின்ன சந்து உண்டு. தலைமை எழுத்தாளர் மனம் வைத்தால் அறையில் இருக்கும் உதவியாளருக்கு ஒரு எபிசோடு கொடுக்கலாம். வெறும் கதை மட்டும் கொடுத்தால் அரைப் புள்ளி. முழுத் திரைக்கதையும் எழுதினால் ஒரு புள்ளி. இரண்டு புள்ளி சேர்ந்தால் கார்டு. ஒரு புள்ளி கிடைத்து மூன்று வருடத்துக்குள் மீதி சேராவிட்டால் அது காலாவதியாகிவிடும், பால் பாக்கெட் மாதிரி.

மூன்று கதைகள் கொடுத்ததில் கமாவிடம் ஒன்றரை இருந்தது. அதில் முதலில் வாங்கிய அரைப் புள்ளி அந்த வருடக் கடைசியில் காலாவதி. கேப்டன் தொடரின் அந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு முழு எபிசோடு தருவதாக எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். தீயணைப்பு வண்டியின் வயதான டிரைவர் ஓய்வு பெறுகிற எபிசோடு. அவள் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வேலைநிறுத்தம் வந்தது.

காரணம் எங்களுக்குப் புதிதில்லை. நிறுவனங்கள் எழுத்தாளர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதி வேலையை ஒற்றை ஆளின் தலையில் கட்ட ஆரம்பித்திருந்தன. இணையத்தில் தொடர் எத்தனை முறை ஓடினாலும் எழுதியவருக்கு அதில் பங்கு இல்லை. பேசிப் பார்த்தோம். நடக்கவில்லை. சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் பேனாவை மூடினோம். கமாவுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அறை மூடியதால் வேலை போனது, எங்களோடு சேர்ந்து அவளுக்கும்.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வண்டியையும் தானே ஓட்டிப் பழகியவர். மறுநாள் காலை கமா தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாகக் கிளம்புவதைப் பார்த்து, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்டூடியோ வாசலுக்கு, மாமா. எல்லாரும் நிக்கிறாங்க."

"அவங்க மெம்பர். நிக்கிறாங்க. நீ யாரு?"

"நான் மெம்பர் ஆகப்போறவ."

"கல்யாணத்துக்கே கூப்பிடாத வீட்டுல போய்ப் பந்தி பரிமாறுற மாதிரி இருக்கு இது. சங்கம் உன்னை உள்ள விட்டுச்சா? இல்ல. ஓட்டு குடுத்துச்சா? அதுவும் இல்ல. வெயில்ல நிக்க மட்டும் நீ வேணுமா?"

கமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க கூப்பிடல மாமா. நானாத்தான் போறேன்."

அக்கா இரவுப் பணி முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அவ அந்த வேலையைத்தான பார்க்கப்போறா? அந்த வேலை நல்லா இருக்கணும்னு இன்னைக்கே போய் நிக்கிறா. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கணவனிடம் கேட்டுவிட்டு, தங்கையின் பைக்குள் ஒரு பெரிய குடையைச் செருகினாள்.

வாசலில் முதல் நாளே மாமா சொன்னதுதான் நடந்தது. சங்கச் செயலாளர் ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் நகைச்சுவைத் தொடர்கள் எழுதியவர். இப்போது அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேட் ஓரமாக ஒரு மேசை போட்டு உறுப்பினர்களின் வருகையைக் குறித்துக்கொண்டிருந்தார். கமாவிடம் கார்டு கேட்டார்.

"கார்டு இல்லங்க. ஒன்றரைப் புள்ளி இருக்கு."

"புள்ளியெல்லாம் இங்க செல்லாது. மெம்பர் இல்லாதவங்க எங்களோட வரிசைல நின்னு ஏதாவது ஆச்சுன்னா சங்கம் பொறுப்பில்ல. வேணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லும்மா."

அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர் நடைபாதையில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அவளைப் போன்ற உதவியாளர்கள், வாய்ப்புக்காகக் காத்திருக்கிறவர்கள். நடுவில் ஒரு தலை தனியாக உயர்ந்து தெரிந்தது. நெட்டை. எங்கள் தொடரிலேயே தயாரிப்புப் பிரிவு உதவியாளன், அவளுடைய நெருங்கிய நண்பன். அவனிடம் ஒரே ஒரு புள்ளி இருந்தது. மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் என்று அந்த மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"வா வா. இதுதான் காத்திருப்போர் பட்டியல்" என்றான்.

சும்மா நிற்பது கமாவின் உடம்பிலேயே கிடையாது. இரண்டாம் நாள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். லாரிகள் முன்வாசலுக்கு வரவில்லை, பின்பக்க கேட்டுக்குப் போயின. செட் போடும் மரம், விளக்குகள், ஜெனரேட்டர் எல்லாம் அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அங்கே எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. அவள் நெட்டையையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

முதலில் வந்த லாரி டிரைவர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. நெட்டை முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டான். கமா அவன் கையைக் கீழே இறக்கிவிட்டு, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

டிரைவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஹாரன் நின்றது. "இல்ல. ஏன்?"

"இங்க ஒரு ஸ்ட்ரைக் நடக்குது. உள்ள போறதும் திரும்பிப் போறதும் உங்க இஷ்டம். நாங்க வண்டியை மறிக்கல. என்ன விஷயம்னு மட்டும் சொல்லிடறேன்."

சொன்னாள். கூட்டத்தில் பேசுவது போலில்லாமல், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவது போல. டிரைவர் தன் கம்பெனியைப் பற்றி, தன் மேலாளரைப் பற்றி, போன வருடம் தங்கள் சங்கம் நடத்திய போராட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பேசி முடித்ததும் ரிவர்ஸ் கியர் போட்டார். "பொம்பளப் புள்ள வெயில்ல நிக்குது, நான் எப்படி உள்ள போறது" என்று மேலாளரிடம் போனில் அவர் கத்தியது எல்லோர் காதிலும் விழுந்தது.

எல்லோரும் திரும்பிப் போகவில்லை. பாதிப் பேர் திரும்பினார்கள். அதுவே போதுமாக இருந்தது. மரம் வராததால் இரண்டு படப்பிடிப்புகள் நின்றன. அந்த வாரக் கடைசியில் செயலாளர் தானே பின்பக்க கேட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அங்கேயும் ஒரு தண்ணீர் டிரம்மும் நான்கு நாற்காலிகளும் வந்திருந்தன.

நிறுவனமும் இதைக் கவனித்தது. மூன்றாவது மாதம் தொடங்கியபோது தயாரிப்பு நிர்வாகி கமாவைப் பேச அழைத்தார். ஸ்டூடியோவுக்குள் வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால் ஒரு ஹோட்டல் லாபியில் சந்தித்தார்கள். நிர்வாகி மரியாதை தெரிந்தவர், கமாவை விடப் பத்து வயது மூத்தவர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். தொடரின் கடைசி இரண்டு எபிசோடுகள் எழுதப்படாமல் நிற்கின்றன. நடிகர்களின் ஒப்பந்தம் முடியப்போகிறது. அவள் எழுத வேண்டும். டைட்டிலில் தனியாக அவள் பெயர் வரும்.

"ரெண்டு புள்ளி. ஏற்கெனவே இருக்கிறதையும் சேர்த்தா தேவைக்கு மேலயே ஆயிடும்" என்றார் நிர்வாகி.

"ஸ்ட்ரைக் நேரத்துல எழுதினவங்களைச் சங்கம் அப்புறம் சேர்த்துக்காது மேடம். மெம்பர் இல்லாதவங்களுக்கும் அதே ரூல்தான்."

"ரூல் போட்டவங்களே அதை மறந்துடுவாங்க. ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் அப்புறம் கை குலுக்கிட்டு எல்லாத்தையும் துடைச்சுப் போடறதுதான் வழக்கம். நீங்க மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க, உங்க அரைப் புள்ளி காலாவதி ஆயிருக்கும். அப்புறம் மறுபடியும் முதல்ல இருந்து. உங்க மேல எனக்கு அக்கறை இருக்கு, அதனாலதான் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று கமாவுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் தம்ளரில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

"எழுத்தாளர் அறையில நான் கத்துக்கிட்டதெல்லாம் இப்ப வாசல்ல நிக்கிறவங்க சொல்லிக் குடுத்தது மேடம். அவங்க நாற்காலியில உட்கார்ந்து என் முதல் முழு எபிசோடை எழுத எனக்குக் கை வராது. புள்ளி போனா போகட்டும். எனக்கு எழுத வரும். மறுபடி சம்பாதிச்சுக்கலாம்."

நிர்வாகி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா எழுதறவங்களுக்கு மட்டும்தான் இந்தத் திமிர் வரும்" என்று சொல்லிவிட்டுக் காபிக்குக் காசு கொடுத்துப் போனார்.

கமா நேராக நெட்டையிடம் வந்து நடந்ததைச் சொன்னாள். அவன் நடைபாதை ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அடுத்தது என்னைக் கூப்பிடுவாங்க" என்றான்.

"கூப்பிட்டா?"

சாயங்காலம் கிளம்பும்போதுதான் பேசினான். "உனக்கு அக்கா வீடு இருக்கு கமா. மாடில ரூம் இருக்கு. நான் வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் எதிர்ல வந்துடுவாரோன்னு வேற தெருவுல சுத்திப் போறேன். ரெண்டு கொழந்தைங்க வரப்போகுது. என்னைப் பார்த்து நீ அப்படிக் கேக்காத."

"நான் ஒண்ணுமே கேக்கலையே டா."

"கேக்கலதான். முகத்துல தெரியுது."

அடுத்த வாரம் நடைபாதையில் அந்த உயரமான தலை இல்லை. எழுத ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிலர் அவன் பெயரை அட்டையில் எழுதிப் பிடிக்க வேண்டும் என்றார்கள். கமா வேண்டாம் என்றாள். "அவன் பண்ணது தப்பு. ஆனா அட்டைல எழுதறதுக்கு நாம வேற விஷயம் வச்சிருக்கோம்."

செலவைச் சமாளிக்க அவள் வாரத்தில் மூன்று நாள் பழைய ரயில் நிலைய கவுண்டருக்குத் திரும்பியிருந்தாள். ஒரு மத்தியானம் அங்கே வரிசையில் கேப்டன் நின்றார். அவர் எதையும் தொலைத்திருக்கவில்லை. முறை வந்ததும் கவுண்டர் கம்பிக்கு அருகில் குனிந்தார்.

"அவன் எழுதறான்னு கேள்விப்பட்டேன். நம்ம தீயணைப்பு வண்டி டிரைவரைக் கதையில கொன்னுடுவான் கமா. நிர்வாகத்துக்கு அழுகை வேணும். எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் நான் வளர்த்த ஆளு அவரு."

"ஆமா சார்."

"நீ போய் எழுதறேன்னு சொல்லு. இப்பவும் உன்னைத்தான் கேப்பாங்க. நான் சீன் சீனா உனக்கு வாயால சொல்றேன். உன் பேருதான் வரும். எனக்குப் பேரே வேணாம். முடிவு மட்டும் சரியா இருந்தாப் போதும்."

கேப்டன் சங்கத்தின் போராட்டக் குழுவில் இருந்தவர். முதல் நாள் மேடையேறி, எவ்வளவு ஆசை இருந்தாலும் ஒரு வரிகூட எழுத மாட்டோம் என்று எங்களையெல்லாம் எழுந்து நிற்க வைத்தவர். அவளுடைய எழுத்துக்கு முதன்முதலில் மதிப்புக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில் பையைத் தொலைத்தவர் முகத்தோடு நின்றார்.

"சார், மேடையில நீங்க பேசினதை டைப் பண்ணி நோட்டீஸ் போட்டது நான்தான். ஒரு வார்த்தைகூட மாத்தல. இப்ப என்னை வேற பக்கம் டைப் பண்ணச் சொல்றீங்க."

"அது சங்கம். இது என் கதை."

"எனக்கும் அந்த டிரைவர்னா உயிரு. அவரு ரிட்டயர் ஆகற எபிசோடை எழுதத்தான் மூணு வருஷமா காத்திருந்தேன். நான் விட்டுட்டேன் சார். நீங்களும் விட்டுடுங்க."

பின்னால் வரிசையில் ஒரு பெண் சூட்கேஸ் சாவியைப் பற்றிக் கேட்டாள். கேப்டன் ஒதுங்கி நின்றார். கமா சாவியைத் தேடிக் கொடுத்து முடித்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அடுத்த சில நாள் அவர் போராட்டத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று எங்களிடம் சொன்னார். கமா யாரிடமும் மூச்சுவிடவில்லை. பல வருடம் கழித்து கேப்டனே ஒரு விருந்தில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பிறகு ஒரு காலை அவர் வந்தார். முன்வாசலுக்குப் போகாமல், நேராகப் பின்பக்க கேட்டுக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"லாரிக்காரங்ககிட்ட முதல்ல என்ன கேக்கணும்?"

"சாப்பிட்டீங்களான்னு சார்."

வருடக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கமாவின் அரைப் புள்ளி மட்டுமில்லை, அந்த நடைபாதையில் நின்ற பலருடைய புள்ளிகளும் கண்ணெதிரே காலாவதி ஆகிக்கொண்டிருந்தன. எழுதக் கூடாது என்று சொல்வதும் சங்கம், எழுதாததால் புள்ளி போயிற்று என்று சொல்லப்போவதும் சங்கம். கமா அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று எல்லோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலைநிறுத்தம் நடக்கும் காலத்தை அந்த மூன்று வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒற்றை வரியில் கோரிக்கை தயாரித்தாள். பொதுக்குழு கூடியபோது உதவியாளர்கள் எல்லோரும் மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் நின்றார்கள்.

கமா கையை உயர்த்தினாள். செயலாளர் மைக்கில் சொன்னார், "மெம்பர் இல்லாதவங்க பொதுக்குழுல பேச முடியாது."

"பேசலங்க. ஒரு கேள்வி மட்டும்."

"கேள்வியும் பேச்சுதான்."

மண்டபம் சிரித்தது. அவள் கையை இறக்கவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து கேப்டன் எழுந்தார். "நான் மெம்பர். எனக்குப் பேச உரிமை இருக்கு. அந்தப் பொண்ணு சொல்றதை நான் சத்தமா திருப்பிச் சொல்றேன். அதுக்கு ரூல்ல தடை இருக்கா?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தடை இல்லை. அப்படித்தான் எங்கள் சங்க வரலாற்றில் நான் பார்த்த மிக விசித்திரமான உரை நடந்தது. கமா கடைசிச் சுவரிலிருந்து ஒரு வாக்கியம் சொல்வாள். அதை கேப்டன் முன்வரிசையிலிருந்து மண்டபம் அதிர முழங்குவார். இத்தனை வருடம் அவர் சொல்ல அவள் டைப் செய்தாள், இன்றைக்கு எல்லாம் தலைகீழ்.

"நாங்க உங்க ரூலுக்குக் கட்டுப்பட்டு எழுதாம நிக்கிறோம்" என்றாள் கமா. கேப்டன் முழங்கினார்.

"ரூலை மதிச்சதுக்கு ரூலே தண்டனை குடுக்கலாமா?" கேப்டன் முழங்கினார்.

"நாளைக்கு இந்தச் சங்கத்துல யார் இருக்கணும்னு நினைக்கிறீங்க? நின்னவங்களா, போனவங்களா?"

இந்த இடத்தில் கேப்டன் தடுமாறினார். ஒரு கணம் கீழே பார்த்தார். பிறகு சொன்னார், முழங்காமல்.

எதிர்ப்பும் இருந்தது. இதையும் சேர்த்தால் நிறுவனங்களோடு பேச்சு சிக்கலாகும், வெளியே நிற்கிறவர்களுக்காக உள்ளே இருக்கிறவர்கள் ஏன் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஓட்டெடுப்பு நடந்தது. கொஞ்ச வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. ஆனால் ஜெயித்தது. செயலாளர் முடிவை அறிவித்துவிட்டுக் கடைசிச் சுவரைப் பார்த்து, "அடுத்த தடவை கார்டோட வந்து நீயே பேசு" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

புது வருடம் பிறந்த கொஞ்ச நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. அறையில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது கிடைத்தது. இணையப் பங்கு பாதி கிடைத்தது. எங்கள் தொடர் மட்டும் மூடப்பட்டுவிட்டது. நெட்டை எழுதிய இரண்டு எபிசோடுகளோடு அது முடிந்தது. நாங்கள் எல்லோரும் கேப்டன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். டிரைவர் சாகவில்லை. கடைசிக் காட்சியில் அவர் வண்டிச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் டிரைவர் சீட் பக்கமே போய்க் கதவைத் திறந்து, பிறகு சுற்றி வந்து மறுபக்கம் ஏறுகிறார். வசனமே இல்லை. கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றாள் கமா. ஒருவர் எழுந்து டிவியை அணைத்தார். "நல்லா எழுதியிருக்கான்னு சொன்னேன்" என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னாள்.

கேப்டனுக்குப் புதிய தொடர் அமைந்தது. கமாவுக்கு ஒரு முழு எபிசோடு கிடைத்தது. கார்டும் வந்தது. மாமா அதை வாங்கி, ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்ப்பது போல முன்னும் பின்னும் பார்த்தார். "போட்டோ நல்லா இல்ல" என்றார். பிறகு தன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த அத்தனை பேரிடமும் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு வருடம் கழித்து அவளை உறுப்பினர் சேர்க்கைக் குழுவில் போட்டார்கள். அங்கே ஒரு நாள் நெட்டையின் விண்ணப்பம் வந்தது. புள்ளிகள் சரியாக இருந்தன. ஆனால் அவன் வேலைநிறுத்தத்தின்போது எழுதியவன். விதிப்படி ஆயுள் முழுக்கத் தடை. நிர்வாகி சொன்னது நடக்கவில்லை, யாரும் மறக்கவில்லை. நண்பன் என்பதால் நீ விலகிக்கொள்கிறாயா என்று குழுத் தலைவர் கேட்டார்.

"வேணாங்க. நண்பன்கிறதாலதான் நான் இதுல இருக்கணும்" என்றாள். "அவன் ரூல் தெரிஞ்சுதான் எழுதினான். அவனும் நானும் ஒரே நடைபாதைல நின்னு அதைப் படிச்சோம். அதனால இன்னைக்கு இந்த விண்ணப்பத்துக்கு என் ஓட்டு இல்ல. ஆனா ஆயுசு முழுக்கன்னு ஒரு தண்டனையை எழுத நாம என்ன நீதிபதியா? அந்த வரியை மாத்தணும்னு நானே பொதுக்குழுல கேக்கப்போறேன்."

கடிதம் போய்ச் சேரும் முன்பே அவள் நெட்டை வீட்டுக்குப் போனாள். இரட்டைப் பெண் குழந்தைகள் தரையில் பொம்மைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அவன் வானொலிக்கு நாடகம், கடைகளுக்கு விளம்பரம் என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"உன் விண்ணப்பம் தள்ளுபடி ஆயிடுச்சு. நானும் வேணாம்னுதான் கை தூக்கினேன். கடிதத்துல பார்க்கிறதுக்கு முன்னாடி என் வாயால சொல்லணும்னு வந்தேன்."

அவன் குனிந்து ஒரு பொம்மையை எடுத்து ஓரமாக வைத்தான். "இதைச் சொல்ல பஸ் புடிச்சு வந்தியா?"

"ரெண்டு பஸ்."

"எழுதலன்னா இந்த ரெண்டும் அப்ப என்ன சாப்பிட்டிருக்கும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். இப்பவும் யோசிக்கிறேன். நீ எழுதினதுக்குக் காரணம் இருந்துச்சு. நாங்க நின்னதுக்கும் இருந்துச்சு. நின்னவங்ககிட்ட நான் திரும்பிப் போய், அது ஒண்ணுமில்லன்னு சொல்ல முடியாது டா. ஆனா ஆயுள் தடையை எடுக்கச் சொல்லி எழுதிட்டேன். மூணு வருஷம் காத்திருந்தா போதும்னு. உனக்கு அது ஏற்கெனவே முடிஞ்சுபோச்சு."

"நிறைவேறலன்னா?"

"அடுத்த வருஷமும் கேப்பேன்."

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து ஒன்றும் தெரியாதது போல் டீ வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. குழந்தைகளில் ஒருத்தி கமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்து பார்த்தாள். நெட்டை கடைசியில், "அந்தக் கடைசி சீன் பார்த்தியா?" என்று கேட்டான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக.

"பார்த்தேன். நானா இருந்தா கதவை அவ்வளவு சீக்கிரம் திறக்க விட்டிருக்க மாட்டேன்."

"போடி" என்றான்.

தீர்மானம் அந்த வருடம் தோற்றது. அடுத்த வருடம் கமா மறுபடி கொண்டுவந்தாள், இந்த முறை மைக்கில், தன் குரலில். ஜெயித்தது. நெட்டை ரோஷத்தில் உடனே விண்ணப்பிக்கவில்லை. அவன் மனைவிதான் ஒரு நாள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துக்கு நீட்டினாள் என்று கேள்வி.

இப்போது கமா ஒரு தொடரின் தலைமை எழுத்தாளர். அவளுடைய அறையில் உதவியாளராகச் சேருகிறவர்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முழு எபிசோடு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே போட வைத்துவிட்டாள். நிறுவனம் முனகுகிறது, கையெழுத்தும் போடுகிறது. நெட்டை வேறொரு தொடரை நடத்துகிறான். அவளுடைய தொடர் ஓடும் அதே நேரத்தில், வேறு சேனலில். போன பருவம் அவன் தொடரைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால் கமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. "அவனுக்கு நல்ல சேனல் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்கிறாள். அப்புறம் அவளே, "மூணாவது எபிசோடு பார்த்தீங்களா? பாவி, எப்படி எழுதியிருக்கான்!" என்று ஆரம்பித்து, காட்சி காட்சியாக நமக்கு நடித்துக் காட்டாமல் விடுவதில்லை.